எவ்வளவு குடுக்குது

ஒன்பது புள்ளி இரண்டு.
நோட்டின் முதல் வரி.
சாயல்குடி பங்க்கில் வாய்வரை நிரப்பி
ராமநாதபுரம் போய்த் திரும்பி
மறுபடி வாய்வரை நிரப்பியதில் வந்தது.

தொபியாஸ் பஹ்ரைனுக்கு விமானம் ஏறுமுன்
சாவியை என் கையில் வைத்தான்,
மாதத் தவணையையும்.
இரண்டரை டன் இரும்பு.
ஏழு பேர் உட்காரலாம்.
நான் ஒருத்தி, பின்னால் நாலு பெட்டி நண்டு,
ஐஸ் உருகி ஓடும் சத்தம்.

யானையைக் கட்டித் தீனி போடுகிறாள் என்றார்கள்
மூக்கையூர் ஏலத்தில்.
யானை சாணியாவது போடும்.

கீழக்கரையில் சுல்பிகார் பட்டறை.
அவர் பானட்டைத் தொடவே இல்லை.
கதவைத் திறந்து மிதியடியைத் தூக்கினார்.
"கடக்கரையவே ஏத்திக்கிட்டு வாறியளேக்கா."
கூட்டி அள்ளி நண்டுத் தராசில் வைத்தோம்:
மணல், நாலு கிலோ நூறு.
கடைசி இருக்கைக்கு அடியில்
ஈயக்குண்டு ஒரு சாக்கு, பதினாறு கிலோ.
எந்த வலைக்கு வாங்கியது என்று
தொபியாசுக்கே ஞாபகமில்லை.
மாடு முட்டினால் தாங்கட்டும் என்று
முன்னால் மாட்டியிருந்த கம்பி, முப்பத்தெட்டு.
கழற்றியதும் மீசை மழித்த ஆள் மாதிரி
வண்டி கூச்சத்தோடு நின்றது.
கூரைக் கேரியரையும் இறக்கினோம்.
எழுபதைத் தாண்டினால் கேட்கும் ஊளை
அன்றோடு நின்றது.
இத்தனை நாளும் அதை
எஞ்சினின் குணம் என்றே நினைத்திருந்தேன்.

ஸ்டெப்னியையும் எடுத்துவிடலாமா?
முதல்முறையாகச் சிரித்தார்.
வாலிநோக்கம் விலக்கில்
ராத்திரி பத்து மணிக்கு, வண்டி நிறைய நண்டோடு
நின்று பாருங்க, அதுக்கப்புறம் சொல்லுங்க
பாரமா இல்லையான்னு.

பத்து புள்ளி நாலு.

டயருக்குக் காற்று
ரோடு சூடாகுமுன் பிடிக்க வேண்டும்.
பங்க்குப் பையன் தூங்குவான்.
அவனை எழுப்புவதுதான்
இந்தக் கணக்கிலேயே கஷ்டமான வேலை.

"மிச்சமெல்லாம் உங்க வலது கால்ல இருக்கு.
பிரேக்கில தேய்க்கிறது டீசலத்தானேக்கா."
அது புரிய ஒரு வாரம் ஆனது.
கரைக்கு வருகிற வள்ளம்
தூரத்திலேயே பாயை இறக்கிவிடும்,
வந்த வேகமே மணல்வரை கொண்டு சேர்க்கும்.
அப்படித்தான் இப்போது
ஏர்வாடி விலக்குக்கு முந்நூறு மீட்டர் முன்பே
காலை எடுத்துவிடுகிறேன்.
கருவேலங்காட்டிலிருந்து ஆடு இறங்கும் இடங்களும்
பாடமாகிவிட்டன.

அறுபதில் போகிறவளை
டவுன் பஸ்கூட முந்துகிறது.
உப்பு லாரிக்காரன் ஒருத்தன்
பக்கத்தில் வந்து என்னவோ சொன்னான்.
பாதி கேட்டது. அது போதும்.

பதினொன்று புள்ளி மூன்று.
ஒரு நடைக்கு இரண்டு லிட்டர் சொச்சம் மிச்சம்,
ஒரு பார் ஐஸ் விலை.

பிறகு ஆனி பிறந்தது.
கச்சான்.
பனைகளெல்லாம் ஒரே பக்கம் தலை சாய்த்து நிற்க,
முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது காற்று.
ராமநாதபுரத்தில் நிரப்பிவிட்டு
மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன்:
பதினாலு புள்ளி ஒன்று.
பங்க்குப் பையனிடம்கூடச் சொன்னேன்,
நன்றாக விழித்துக்கொண்டான்.

திரும்பும்போது காலிப் பெட்டிதான்,
என்றாலும் எட்டு புள்ளி ஒன்பது.
கண்ணாடி முழுக்க உப்பும் புழுதியும்.
சேர்த்துப் பார்த்தால் பதினொன்றுகூட வரவில்லை.
போகையில் கொடுத்ததை
வருகையில் வட்டியோடு
வாங்கிக்கொள்கிறது கச்சான்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது.
அம்மாவைக் கேட்டான், தவணையைக் கேட்டான்,
அப்புறம் எப்போதும்போல்:
"எவ்வளவு குடுக்குது?"
பதினாலு என்று சொல்லியிருக்கலாம்.
போக பதினாலு, வர ஒன்பது என்றேன்.
அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
அங்கே லிட்டர் கணக்கை
யாரும் யாரையும் கேட்பதில்லையாம்.

நோட்டில் இப்போது ஒரு கட்டம் கூடுதல்.
கிலோமீட்டர், லிட்டர், காற்று.
மூன்றாவதில் எண் எழுதுவதில்லை.
கூட்டல் குறி ஒன்று,
அதற்குக் கீழே கழித்தல்.
நாளைக்கானதைக்
காலையில் வெளியே வந்து
ஈரமண் ஒரு பிடி எறிந்து பார்த்துத்தான்
சொல்ல வேண்டும்.